இடிமேகத்திலும் எக்ஸ்-ரே அறையிலும் ஒரே விதி: பொருளுக்குள் பாயும் எலக்ட்ரான் ஏன் கதிர் வீசுகிறது?

2019 மார்ச்சில் ஊட்டியிலிருந்து ஒரு செய்தி உலகம் முழுக்கப் போனது. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் திரண்ட ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாக, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்களை ஆராயும் இங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள் கண்டறிந்திருந்தார்கள். அதுவரை பலூன்களை மேகத்துக்குள் அனுப்பி அளந்ததில் கிடைத்த உச்சம் சுமார் 13 கோடி வோல்ட்தான். ஒரேயடியாகப் பத்து மடங்கு.

செய்தியைப் படித்தவர்களுக்கு இயல்பாகவே சில குழப்பங்கள் வந்தன. மேகத்துக்குள் கருவி எதுவும் போகாமல் வோல்ட்டை எப்படி அளந்தார்கள்? அதற்கு மியூவான் என்ற அதிகம் கேள்விப்படாத துகள் ஏன் தேவைப்பட்டது, எல்லாருக்கும் தெரிந்த எலக்ட்ரான் போதாதா? இடிமேகத்திலிருந்து காமா கதிர் வருகிறது என்கிறார்களே, மலையில் வசிப்பவர்களுக்கு ஆபத்தா? இதற்கு நடுவில், 'இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர் பூமியைத் தாக்கும், செல்போனை அணைத்து வையுங்கள்' என்ற பழைய வாட்ஸ்அப் தகவலும் அவ்வப்போது சுற்றி வருகிறது.

இவை அத்தனைக்கும் பதில் ஓர் இயற்பியல் நிகழ்வில் இருக்கிறது. மிக வேகமான எலக்ட்ரான் காற்றிலோ, ஈயத்திலோ, தண்ணீரிலோ நுழைந்தால் தன் ஆற்றலை எக்ஸ் கதிராகவும் காமா கதிராகவும் வீசி எறிகிறது. இயற்பியலில் இதற்கு பிரெம்ஸ்ட்ராலுங் என்று பெயர். தமிழில் தடைக் கதிர்வீச்சு எனலாம்.

அளவு பற்றி ஒரு வார்த்தை

ஓர் எலக்ட்ரான் 1 வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும்போது பெறும் ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட். மருத்துவமனை எக்ஸ்-ரே குழாயில் ஓடும் எலக்ட்ரானுக்கு ஏறக்குறைய 1 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கும். 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டை ஒரு மெகா என்றும், 100 கோடியை ஒரு கிகா என்றும் கீழே குறிப்பிடுகிறேன்.

திசை மாறினால் கதிர்

1. எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு. அதனால் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மின்புலம் பரவியிருக்கும்.

2. எலக்ட்ரான் நேர்கோட்டில், ஒரே வேகத்தில் வெற்றிடத்தில் போகும்வரை அந்தப் புலமும் கூடவே நகரும். கதிர் எதுவும் வராது.

3. வேகமோ திசையோ மாறினால் நிலைமை வேறு. அருகிலுள்ள புலம் உடனே மாறிவிடும். தொலைவிலுள்ள புலத்துக்கு அந்த மாற்றம் ஒளியின் வேகத்தில்தான் போய்ச் சேர முடியும். பழைய புலமும் புதிய புலமும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழுந்து, அந்த மடிப்பு வெளியே ஓடுகிறது. அதுதான் மின்காந்த அலை. அது கொண்டுபோகும் ஆற்றல் எலக்ட்ரானின் கணக்கிலிருந்து கழிகிறது.

வேகம் குறையாமல் திசை மட்டும் மாறினாலும் இது நடக்குமா? நடக்கும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு வரும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பினாலும் வளைவுக்கு வளைவு உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது அல்லவா? திசை மாறுவதும் முடுக்கம்தான்.

பொருளுக்குள் எலக்ட்ரானைத் திருப்பிவிடுவது அணுக்கரு. அணுக்கருவில் நேர் மின்னூட்டம், எலக்ட்ரானில் எதிர் மின்னூட்டம். அருகே பாய்ந்து போகும் எலக்ட்ரானை அணுக்கரு தன் பக்கம் இழுக்கிறது, பாதை வளைகிறது, ஒரு ஃபோட்டான், அதாவது கதிரின் ஒரு சிறு பொட்டலம், பிறக்கிறது. அந்த ஃபோட்டானின் ஆற்றல் மிகச் சிறியதாகவும் இருக்கலாம், எலக்ட்ரானிடம் இருந்த இயக்க ஆற்றல் முழுவதுமாகவும் இருக்கலாம். இதில் படிக்கட்டுபோல் குறிப்பிட்ட அளவுகள் கிடையாது, தொடர்ச்சியான பரவல்தான். சிறிய ஃபோட்டான்கள் ஏராளமாகவும் பெரியவை சொற்பமாகவும் வரும். ஆனால் ஆற்றலில் பெரும்பங்கை அந்தச் சொற்பமே கொண்டுபோய்விடும்.

கதிரின் அளவைத் தீர்மானிப்பவை

இயற்பியலாளர்கள் ஹான்ஸ் பெத்தேயும் வால்டர் ஹைட்லரும் 1934-ல் குவாண்டம் கோட்பாட்டின்படி இதற்கு முறையான கணக்கைத் தந்தார்கள். அதன் சாரம் இது:

1. பொருளின் அணு எண். கதிர்வீச்சு ஏறத்தாழ அணு எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கார்பனின் அணு எண் 6, ஈயத்தின் அணு எண் 82. ஓர் அணுவுக்கு ஓர் அணு என்று ஒப்பிட்டால் ஈயம் கார்பனைவிட ஏறக்குறைய 190 மடங்கு கதிரை எழுப்பும்.

2. எலக்ட்ரானின் ஆற்றல். மெதுவான எலக்ட்ரான் தன் ஆற்றலைப் பெரும்பாலும் வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுவதிலேயே இழக்கும். இது அயனியாக்கம். ஆற்றல் கூடக் கூடக் கதிர்வீச்சு இழப்பு முந்திக்கொள்ளும். இரண்டும் சமமாகும் புள்ளிக்கு மாறுநிலை ஆற்றல் என்று பெயர். ஈயத்தில் அது 7.4 மெகா, காற்றில் சுமார் 85 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

3. துகளின் நிறை. மூன்றிலும் முக்கியமானது இதுதான். கதிர்வீச்சு, நிறையின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கிறது. மியூவானுக்கு எலக்ட்ரானின் அதே மின்னூட்டம்தான், நிறை மட்டும் 207 மடங்கு. ஆகவே அது வீசும் கதிர் சுமார் 43,000-ல் ஒரு பங்கு. கனமான துகள் லேசில் திரும்பாது, திரும்பாததால் கதிரும் வீசாது.

கதிர் எந்தப் பக்கம் போகும் என்பதையும் ஆற்றலே முடிவு செய்கிறது. எக்ஸ்-ரே குழாயின் எலக்ட்ரானிலிருந்து கதிர் பல திசைகளிலும் சிதறும்; அதனால் பக்கவாட்டில் ஒரு சன்னல் வைத்து எடுத்துக்கொள்ள முடிகிறது. 1 கிகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானின் கதிரோ, அது போகும் திசையிலேயே 0.03 டிகிரி அளவுள்ள ஒடுங்கிய கூம்புக்குள் அடங்கிவிடும்.

கதிர்வீச்சு நீளம்: மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை

உயர் ஆற்றல் எலக்ட்ரான் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சொல்லும் அளவுக்குக் கதிர்வீச்சு நீளம் என்று பெயர். அந்த நீளத்தைக் கடக்கும்போது சராசரியாக அதன் ஆற்றலில் 37 சதவீதம்தான் மிஞ்சும், மீதி காமா கதிராகப் போய்விடும். ஈயத்தில் இது 5.6 மில்லிமீட்டர். இரும்பில் 1.76 சென்டிமீட்டர், கான்கிரீட்டில் சுமார் 11 சென்டிமீட்டர், தண்ணீரில் 36 சென்டிமீட்டர். கடல் மட்டக் காற்றில் ஏறக்குறைய 300 மீட்டர்.

ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று மெலிது, ஆகவே கதிர்வீச்சு நீளமும் 370 மீட்டரைத் தாண்டிவிடும். ஆக, ஊட்டிக்கும் மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்கும் இடையிலுள்ள காற்று ஐந்து கதிர்வீச்சு நீளத்துக்குச் சற்று அதிகம். ஐந்து முறை 37 சதவீதமாகக் குறைந்தால் மிஞ்சுவது 1 சதவீதத்துக்கும் கீழே. மலை உச்சியில் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் வைக்கும் காரணங்களில் தலையாயது இதுதான்.

ஒன்று பலவாகும் மழை

எலக்ட்ரான் வீசிய காமா கதிர் அதோடு முடிந்துபோவதில்லை. போதிய ஆற்றல் இருந்தால் அது வேறோர் அணுக்கருவின் அருகே போகும்போது மறைந்து, ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் (நேர் மின்னூட்டமுள்ள எலக்ட்ரான்) பிறக்கும். அவை இரண்டும் மறுபடி கதிர் வீசும். அந்தக் கதிர்கள் மறுபடி இணைகளை உண்டாக்கும். கதிர்வீச்சு நீளத்தை ஒட்டிய ஒவ்வொரு தூரத்துக்கும் துகள்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும், ஒவ்வொன்றின் ஆற்றலும் பாதியாகும். ஆற்றல் மாறுநிலை அளவுக்குக் கீழே இறங்கியதும் இரட்டிப்பு நின்று, மழை மெல்ல ஓயும்.

இதைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் ஒருவர் ஹோமி பாபா. அவரும் ஹைட்லரும் 1937-ல் வெளியிட்ட கட்டுரை, காஸ்மிக் கதிர்களால் பொழியும் துகள் மழைக்கு முதல் தெளிவான விளக்கங்களில் ஒன்று. பின்னர் 1945-ல் பாபா தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்தான் இன்று ஊட்டி ஆய்வுக்கூடத்தை நடத்துகிறது.

நடைமுறையில் நடப்பது இது. விண்வெளியிலிருந்து பெரும்பாலும் புரோட்டான்கள் வருகின்றன. வளிமண்டலத்தின் மேலடுக்கில் அவை காற்றின் அணுக்கருக்களில் மோதி, பயான் என்ற குறுகிய ஆயுள் துகள்களை உண்டாக்கும். மின்னூட்டமில்லாத பயான் உடனே இரண்டு காமா கதிர்களாக உடைந்து, மேலே சொன்ன எலக்ட்ரான் மழையைத் தொடங்கி வைக்கும். மின்னூட்டமுள்ள பயான்கள் மியூவான்களாகச் சிதையும். ஆயிரம் லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரே ஒரு துகள் தொடங்கி வைக்கும் மழை, உச்சத்தில் பல லட்சம் துகள்களாகப் பெருகும். அந்த உச்சம் ஊட்டிக்கு மேலேதான் இருக்கும். என்றாலும் கடல் மட்டத்தைவிட இங்கே அதற்கு நெருக்கமாக இருக்கிறோம். கிரேப்ஸ்-3 வளாகத்தில் 8 மீட்டர் இடைவெளியில் சுமார் 400 ஒளிர்வு உணர்விகள் (துகள் பாய்ந்தால் ஒளிரும் கருவிகள்), ஒவ்வொன்றும் 1 சதுர மீட்டர், தரையில் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. அவை பிடிப்பது இந்த மழையைத்தான்.

இந்த மழை பொழியாத நேரம் கிடையாது. நம் உள்ளங்கை அளவுள்ள பரப்பின் வழியாக ஏறக்குறைய நொடிக்கு ஒரு மியூவான் போய்க்கொண்டே இருக்கிறது. 12.30 மணிக்கு அது தொடங்குவதும் இல்லை, 3.30 மணிக்கு முடிவதும் இல்லை. செல்போனை அணைப்பதால் அதில் எதுவும் மாறாது.

கதிர் வீசாததால் அகப்பட்ட துகள்

1930-களின் நடுவில் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மேயரும் காஸ்மிக் கதிர்களை உலோகத் தகடுகள் வழியே விட்டுப் பார்த்தார்கள். சில துகள்கள் எலக்ட்ரானைப் போலவே மின்னூட்டம் காட்டின, ஆனால் தகட்டுக்குள் ஆற்றலை இழக்காமல் வெளியே வந்தன. ஒன்று, பெத்தே-ஹைட்லர் கணக்கு உயர் ஆற்றலில் தவறாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவை எலக்ட்ரானாக இருக்கக் கூடாது. கணக்கு சரி, துகள்தான் புதிது என்று 1937 வாக்கில் உறுதியானது. அதுதான் மியூவான். வராத கதிரை வைத்து ஒரு துகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இயற்பியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த வாதங்களில் இதுவும் ஒன்று.

அதே வேறுபாட்டை வைத்துத்தான் ஊட்டியின் மியூவான் தொலைநோக்கியும் வேலை செய்கிறது. 560 சதுர மீட்டர் பரப்பில், அடுக்கடுக்கான எஃகுக் குழாய் உணர்விகள். அவற்றுக்கு மேல் 2 மீட்டருக்கும் அதிகமான கான்கிரீட். அது ஏறக்குறைய 20 கதிர்வீச்சு நீளம். எலக்ட்ரான்களும் காமா கதிர்களும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். 1 கிகாவுக்கு மேல் ஆற்றலுள்ள மியூவான்கள் மட்டும் ஊடுருவிக் கீழே வந்து எண்ணப்படும், நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி.

இடிமேகத்துக்கு வருவோம்

மேகத்தின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே மின்னழுத்தம் இருந்தால், அதைக் கடக்கும் மின்னூட்டத் துகளின் ஆற்றல் கூடும் அல்லது குறையும். எவ்வளவு என்று பார்த்தால் வோல்ட் தெரிந்துவிடும். எலக்ட்ரான் இதற்கு உதவாது: பல கிலோமீட்டர் உயரமுள்ள மேகத்தைக் கடப்பதற்குள் அது தன் ஆற்றலைக் கதிராகக் கொட்டித் தீர்த்துவிடும், மேகத்தைப் பற்றிய தகவலும் அதோடு போய்விடும். மியூவான் முழு மேகத்தையும் தாண்டி வரும்.

மியூவான்களில் நேர், எதிர் இரண்டு வகை உண்டு. நேர் வகை சற்று அதிகம். மேகத்தின் மின்னழுத்தம் நேர் மியூவான்களை மட்டுப்படுத்தி எதிர் மியூவான்களை முடுக்கும்போது, மட்டுப்பட்டவற்றில் ஒரு பகுதி கான்கிரீட்டைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். எதிர் வகையால் அந்தக் குறையை முழுதாக ஈடுகட்ட முடியாது. அன்று 18 நிமிடங்களுக்கு மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் எண்ணும் கருவிக்கு 2 சதவீதம் பெரிய பள்ளம். அந்தக் குறைவைக் கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டபோது கிடைத்ததுதான் 130 கோடி வோல்ட்.

சரி, காமா கதிர்? அது எலக்ட்ரானின் வேலை.

1. மேகத்துக்குள் மின்புலம் எலக்ட்ரானைத் தள்ளும், காற்று அதைத் தடுக்கும். வழக்கமாகக் காற்றே ஜெயிக்கும்.

2. ஆனால் ஓரளவு வேகம் எடுத்த எலக்ட்ரானுக்குக் காற்றின் தடை குறைந்துவிடும். கடல் மட்டத்தில் மீட்டருக்குச் சுமார் 2.8 லட்சம் வோல்ட், உயரத்தில் அதைவிடக் குறைவான புலம் இருந்தாலே போதும். அது கட்டுமீறி ஓடத் தொடங்கும். இப்படி நடக்கலாம் என்று சி. டி. ஆர். வில்சன் 1925-லேயே சொன்னார். தொடக்க எலக்ட்ரான்களை இனாமாகத் தருவது காஸ்மிக் கதிர்.

3. ஓடும் எலக்ட்ரான் மற்ற எலக்ட்ரான்களைத் தட்டி எழுப்ப, அவையும் ஓடும். இவற்றின் சராசரி ஆற்றல் 7 மெகா அளவில் இருக்கும்.

4. இவை காற்றின் அணுக்கருக்களைக் கடக்கையில் தடைக் கதிர்வீச்சாகக் காமா கதிர்களை வீசும்.

7 மெகா என்பது காற்றின் மாறுநிலை ஆற்றலான 85 மெகாவுக்கு மிகவும் கீழே. ஆகவே ஆற்றலில் சிறு பங்குதான் கதிராகிறது. அப்படியும் தொலைவில் நிற்கும் கருவிகள் காண்பது காமா கதிரைத்தான். காரணம் எளிது: அந்த எலக்ட்ரான் காற்றில் சில பத்து மீட்டரில் நின்றுவிடும், காமா கதிர் சில நூறு மீட்டர் போகும். மேலே, மெல்லிய காற்றில், விண்வெளி வரைகூடப் போகும். இடிமேகங்களிலிருந்து மேல்நோக்கிப் பாயும் காமா மின்னல்களை, காமா கதிர்களை ஆராய நாசா அனுப்பிய காம்ப்டன் செயற்கைக்கோள் பதிவு செய்ததை 1994-ல் வெளியிட்டார்கள். அவற்றில் சில ஃபோட்டான்கள் பத்து மெகா, சிலசமயம் நூறு மெகா அளவை எட்டுகின்றன. இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது என்ற புதிருக்கு 130 கோடி வோல்ட் ஒரு நல்ல பதில்.

மலையில் வசிப்பவர்கள் இந்தக் காமா கதிருக்காகப் பயப்பட வேண்டியதில்லை, இடைப்பட்ட காற்று அதைப் பெருமளவு தணித்துவிடுகிறது. பயப்பட வேண்டியது மின்னலுக்கு. இடி இடிக்கும்போது தேயிலைத் தோட்டத்தின் திறந்த சரிவிலோ தனி மரத்தடியிலோ நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

கணக்கு மாறும் இடம்

ஆற்றல் மிக அதிகமானால் பெத்தே-ஹைட்லர் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். ஃபோட்டான் ஒரு புள்ளியில் சட்டென்று பிறப்பதில்லை. எலக்ட்ரானும் ஒளியும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஒரே திசையில் ஓடுவதால், ஃபோட்டான் எலக்ட்ரானைவிட்டுப் பிரிய ஒரு தூரம் தேவைப்படுகிறது. 25 கிகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் 10 மெகா ஃபோட்டானை வீசுவதற்கு அந்தத் தூரம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அணுக்களின் அளவில் பார்த்தால் லட்சக்கணக்கான அணுக்கள். அந்த வழியில் மற்ற அணுக்கள் எலக்ட்ரானை இடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தால், உருவாகிக்கொண்டிருக்கும் அலை கலைந்து கதிர்வீச்சு குறைந்துவிடும்.

சோவியத் இயற்பியலாளர்கள் லாண்டா, பொமரான்சுக் இருவரும் 1953-ல் இதைக் கணித்தார்கள், மிக்தால் 1956-ல் முழுக் கணக்கைத் தந்தார். கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு நேர்கோட்டு முடுக்கியில் மெல்லிய உலோகத் தகடுகளில் எலக்ட்ரான்களைப் பாய்ச்சி 1990-களில்தான் இது துல்லியமாக அளக்கப்பட்டது. அடர்த்தியான பொருளில் விளைவு பெரிது. காற்றில் மிக மிக உயர்ந்த ஆற்றலில்தான் தலைகாட்டும். ஊட்டியில் அளக்கப்படும் மழைகளுக்கு இந்தத் திருத்தம் தேவைப்படாது.

மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும்

எக்ஸ்-ரே குழாயில் எலக்ட்ரான்கள் மோதும் இலக்கு டங்ஸ்டன். அணு எண் 74, உருகுநிலையும் மிக அதிகம். அந்த ஆற்றலில் சுமார் 1 சதவீதம்தான் எக்ஸ் கதிராகும், மீதி 99 சதவீதம் வெப்பம். இலக்கைச் சுழலவிடுவது அந்த வெப்பத்தைச் சமாளிக்கத்தான். அப்படிப் பிறக்கும் கதிரைப் பதிவு செய்யும் பிலிம் பல ஆண்டுகள் ஊட்டியிலிருந்தே நாடெங்கும் போனது: இந்து நகரில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்-ரே பிலிம் தயாரித்தது.

புற்றுநோய் சிகிச்சைக்கான லீனாக் (நேர்கோட்டு முடுக்கி) கருவியில் எலக்ட்ரானின் ஆற்றல் 6 மெகாவோ அதற்கு மேலோ. கதிராக மாறும் பங்கு பல மடங்கு கூடும், கதிரும் முன்னோக்கியே பாயும். அதனால் இங்கே கதிரை எடுப்பது இலக்கின் பின்புறத்திலிருந்து. தோலுக்கருகே உள்ள கட்டி என்றால் இலக்கை விலக்கிவிட்டு எலக்ட்ரானையே நேரடியாகச் செலுத்துவார்கள்.

பலரும் தவறாக எண்ணும் இடம் ஒன்று உண்டு: கதிரியக்கம் என்றாலே ஈயத்தால் மூட வேண்டும் என்பது. பாஸ்பரஸ்-32 போன்ற பீட்டா மூலப்பொருள் (எலக்ட்ரான்களை உமிழும் கதிரியக்கப் பொருள்) உமிழ்வது 1.7 மெகா வரை ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள். அவற்றை நேராக ஈயத்தில் மோதவிட்டால் ஆற்றலில் 5 சதவீதம் வரை எக்ஸ் கதிராக மாறலாம். ஒரு சென்டிமீட்டர் அக்ரிலிக் பிளாஸ்டிக் அந்த எலக்ட்ரான்களை முழுதாக நிறுத்திவிடும், எழும் கதிரும் அரை சதவீதத்துக்குக் கீழேதான். மூலப்பொருள் வலுவானதாக இருந்தால் உள்ளே பிளாஸ்டிக், அதற்கு வெளியே ஈயம். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

எக்ஸ்-ரே எடுத்து முடித்த அறையில் கதிர் தங்கியிருக்குமா என்றும் கேட்பார்கள். தங்காது. மின்சாரத்தை நிறுத்தினால் எலக்ட்ரான் ஓட்டம் நிற்கும், கதிரும் அந்த நொடியே நிற்கும். 10 மெகாவுக்கு மேல் இயங்கும் லீனாக்குகளில் மட்டும் ஒரு விலக்கு: அங்கே ஃபோட்டான்கள் அணுக்கருவிலிருந்து நியூட்ரானைத் தட்டிவிடக் கூடும். அதனால் கருவியின் சில பாகங்களில் கொஞ்ச நேரம் கதிரியக்கம் இருக்கும். அந்த அறைகளின் கதவுகளில் ஈயத்தோடு போரான் கலந்த பாலித்தீனையும் சேர்ப்பது அந்த நியூட்ரான்களைத் தடுப்பதற்காக.